கருவாட்டு வாடை அடிச்ச கம்ப்யூட்டர்

மொதல்ல அந்த ஸ்ப்ரேயைக் கீழ வைங்க.

பழைய கம்ப்யூட்டர் வாங்கிச் சேக்குறவங்க வாட்சாப் குரூப் ஒண்ணு இருக்கு. பெட்டாலிங் ஜெயா, சுபாங், கிள்ளான்னு எல்லா எடத்துலயும் ஆளுங்க. என் தங்கச்சி மருமகன் அதுல இருக்கான், என்னையும் உள்ள இழுத்து விட்டுட்டான். போன வாரம் அதுல ஒரு தம்பி படம் போட்டிருந்தாரு. முப்பது வருஷத்துக்கு முந்தின மெஷினு, நல்ல மெஷினு. கீழ எழுதியிருக்காரு: "நாத்தம் தாங்கல, மல்லிகைப்பூ ஸ்ப்ரே உள்ள அடிச்சு விட்டேன், இப்ப ஓகே லா." ஓகேவாம்! எனக்கு அப்படியே பத்திக்கிட்டு வந்துச்சு. குரூப்லயே கண்டமேனிக்கு ஏசிட்டேன். அப்புறம் அந்தத் தம்பியே போன் பண்ணி, "ஆன்டி, கோவப்படாம இதெல்லாம் எப்படிக் கண்டுபிடிக்கிறதுன்னு எழுதிக் குடுங்களேன்"ன்னு கேட்டாரு. எழுதுறேன். கோவப்படாம எழுதுறதுதான் நம்மால ஆகாது.

எம் பேரு சரோஜா. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ்ல ஒரு கம்ப்யூட்டர் ரிப்பேர் கடையில சின்ன வயசுல சேந்தவ, ரெண்டு வருஷம் முன்னாடிதான் ஓய்வெடுத்தேன். வேலை கத்துக்கிட்ட கதையெல்லாம் வேணாம். கை சுட்டுக்கிட்டேன், திட்டு வாங்கினேன், கத்துக்கிட்டேன், அவ்வளவுதான். ஆனா கடை தவுக்கே, அதான் மொதலாளி, அவரைப் பத்திச் சொல்லியாகணும். ஆ லெக்னு பேரு, சாலாக் செலாத்தான் பக்கத்துச் சீனரு. ஒரு மெஷினு வந்தா நாமெல்லாம் மூக்கைப் பொத்திக்கிட்டு "ச்சீ"ம்போம். அவரு மூஞ்சியே மாறாது. மலாய்ல ஒரே ஒரு கேள்விதான் கேப்பாரு. "டாரி மானா?" எங்கேருந்து? நாத்தமடிக்குதுன்னு சொன்னா காதுலயே போட்டுக்க மாட்டாரு. எங்கேருந்துன்னு சொல்லுற வரைக்கும் நம்ம முன்னாடி கையைக் கட்டிக்கிட்டு நிப்பாரு. எரிச்சலா வரும். ஆனா அந்த ஒரு கேள்வியை வெச்சுத்தான் நான் இத்தனை வருஷம் பொழச்சேன்.

வாடை பாக்குற அன்னிக்குக் காலையில காப்பி கிடையாது. பவுடர் கிடையாது, தைலம் கிடையாது, தலையில பூ கிடையாது. பசியாறுறதுன்னா வெறும் ரொட்டி, தண்ணி. மெஷினை ஆன் பண்ணாம, ஆறிப்போன நெலமையில மொதல்ல முகரணும். அப்புறம் ஆன் பண்ணி, சூடேறுற வரைக்கும் விட்டுட்டு மறுபடி முகரணும். சூடு ஏற ஏற வாடை கூடுதுன்னா அது உள்ள இருக்குற ஏதோ ஒரு பாகத்துலேருந்து வருது. சூடானாலும் ஆறினாலும் ஒரே மாதிரி இருந்தா மேல் கூட்டுல, பிளாஸ்டிக்ல ஊறிப்போனது. சிகரெட்டு, எண்ணெய்ப் புகை, பாச்சை உருண்டை, இதெல்லாம் பிளாஸ்டிக்ல ஊறும்.

அப்புறம் கழட்டணும். கழட்டின ஒவ்வொண்ணையும் தனித்தனி பிஸ்கட் டின்ல போட்டு மூடி வெச்சிடணும். மறுநாள் காலையில வேற யாரையாவது விட்டு டின்னையெல்லாம் எடம் மாத்தி வைக்கச் சொல்லணும். ஏன்னா எந்த டின்ல என்ன இருக்குன்னு தெரிஞ்சா, நம்ம மூக்கு முகராது, நம்ம புத்திதான் முகரும். நாம யார் மேல சந்தேகப்படுறோமோ அங்கதான் வாடை அடிக்கும். இதை நல்லா மனசுல வெச்சுக்குங்க. நான் சொல்லப்போற கதையே இதுதான்.

கிள்ளான்ல துணிக்கடை வெச்சிருந்த ஒரு முஸ்லிம் நானா, நாகூர்ப் பக்கத்துக்காரரு, ஒரு மெஷினைத் தூக்கிக்கிட்டு வந்தாரு. "தங்கச்சி, செத்த வாடை அடிக்குது, மூணு பேரு பாத்துட்டானுவ, அத்தரு கூட தெளிச்சுப் பாத்துட்டேன்"ன்னாரு. அத்தரும் செத்த வாடையும் கலந்து அடிச்சா எப்படி இருக்கும்னு உங்களுக்குத் தெரியாது, தெரியவும் வேணாம். பவர் சப்ளை டப்பாவைத் திறந்தா உள்ள ஒரு பல்லி, அப்பளமா காஞ்சு ஒட்டிக்கிட்டு இருக்கு. எடுத்துட்டு சோப்புத் தண்ணியில டப்பாவைக் கழுவிக் காய வெச்சேன், முடிஞ்சுபோச்சு. பல்லி வாடை ஒரே நாள்ல போச்சு. அத்தரு வாடை போக ஒரு மாசம் ஆச்சு. ஸ்ப்ரேக்காரத் தம்பி, இதை ரெண்டு தடவை படிங்க.

இப்ப அந்தக் கதைக்கு வரேன்.

கோவிட் முடிஞ்சு எல்லாரும் மாஸ்க்கைக் கழட்டின சமயம். பிரிக்பீல்ட்ஸ்லயே எங்க கடைக்கு ரெண்டு ரோடு தள்ளி ஒரு தமிழ் அச்சகம். கல்யாணக் கார்டு, கோயில் நோட்டீசு, காதுகுத்து, கருமாதி, எல்லாம் அங்கதான். மொதலாளி பேரு கதிரேசன். அவரே போன் பண்ணாரு. "சரோம்மா, நல்லா வாசமா ஏதாச்சும் மருந்து எடுத்துக்கிட்டு வா. ஒரு மெஷினைச் சுத்தம் பண்ணணும்."

போனேன். கதவைத் திறந்ததும் மல்லிகை ஸ்ப்ரே. அதுக்கு அடியில சாம்பிராணி. அதுக்கும் அடியில, சும்மா சொல்லக்கூடாது, அச்சு அசல் கருவாடு.

"தெரியுதா?"ன்னாரு கதிரேசன்.

"தெரியுது. எந்த மெஷினு?"

"மெஷினு என்ன மெஷினு? அதுல உக்காருற ஆளைக் கேளு." மோவாயாலயே வெளிய காட்டினாரு.

வெளிய, கடைக்கு முன்னாடி நடைபாதையில, ஒரு பொம்பளை நின்னுக்கிட்டு இருந்துச்சு. தவமணி. எனக்குத் தெரிஞ்ச பொண்ணுதான். கேரி தீவுல எண்ணெய்ப்பனைத் தோட்டத்துல பொறந்து வளந்துச்சு, கல்யாணத்துக்கப்புறம் கிள்ளான்ல குடி. தெனம் கோமுட்டர் ரயில்ல கேஎல் சென்ட்ரல் வந்து, அங்கேருந்து நடந்து வரும். அந்த அச்சகத்துல தமிழ் டைப் பண்ணுறது அது ஒண்ணுதான். அதுவும் அந்தப் பழைய மெஷினுலதான் பண்ணணும். அவங்க தமிழ் எழுத்து, பழைய கார்டு டிசைனு, எல்லாம் அந்த மெஷினுல மட்டுந்தான் ஓடும். புதுசுக்கு மாத்த கதிரேசனுக்கு மனசு வரல. புருஷன் லோரி ஆக்சிடென்ட்ல இடுப்பு போயி வீட்டோட கெடக்காரு. மக பாலிடெக்னிக்ல படிக்குது. வீட்டுல சம்பாதிக்கிறது தவமணி ஒருத்திதான்.

தவமணியோட சாப்பாட்டுப் பை வெளிய ஆணியில மாட்டியிருந்துச்சு. அதுக்குன்னே அடிச்ச ஆணி. மத்தவங்க பையெல்லாம் உள்ள, ஃபிரிட்ஜு பக்கத்துல.

"தீவாளிக்குள்ள இந்த வாடை போகணும். இல்லாட்டி இவளை அனுப்பிச்சிட்டு வேற ஆளு பாத்துக்குவேன். சொல்லிட்டேன்"ன்னாரு கதிரேசன். "இப்ப என்ன மாசம் தெரியுமா? புரட்டாசி! பெருமாள் படம் மாட்டியிருக்கு பாரு. புரட்டாசியிலயும் கருவாடு திங்கிறா. தோட்டத்து வளர்ப்பு, வேற எப்படி இருக்கும்?"

உள்ள வேலை செய்யுற ரெண்டு பேரு தலையைக் குனிஞ்சு சிரிச்சாங்க. ஒருத்தி மூக்குல கர்ச்சீப்பை வெச்சிருந்தா. நான் வெளிய வந்தேன்.

"என்னம்மா தவமணி?"

அது என்கிட்டேருந்து ரெண்டடி பின்னாடி போச்சு. பேசுறப்ப வாயைக் கையால மூடிக்கிச்சு. "அக்கா, நான் புரட்டாசி விரதம்க்கா. முட்டை கூட தொடல. அதுக்கு முன்னாடியே, இந்தப் பேச்சு கெளம்பினதுலேருந்து, நாலஞ்சு மாசமா, வீட்டுல மீனே வாங்குறதில்ல. புள்ள கேட்டாலும் பண்ணுறதில்ல."

"அப்புறம் ஏன் சும்மா இருக்குற? சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னேன்க்கா. யாரு நம்புறா?" ஹேண்ட்பேக்கைத் திறந்து காட்டுச்சு. உள்ள பாதி அறுத்த எலுமிச்சம்பழம். "காலையில இதைத் தேச்சுத்தான் குளிக்கிறேன். மத்தியானம் டாய்லெட்ல வெச்சு மறுபடி தேச்சுக்குவேன். ஆனா அங்க போயி உக்காந்தா எனக்கே அடிக்குதுக்கா. ஒருவேளை எம் மேலதான் வருதோ என்னமோ."

அந்த நிமிஷம் எனக்கு வந்த கோவம் இன்னிக்கும் எறங்கல. உள்ள போயி, "மெஷினை எடுத்துட்டுப் போறேன், திங்கக்கெழமை கொண்டாரேன்"ன்னேன். கதிரேசன் குதிச்சாரு. தீவாளி கார்டு நிக்குது, காலண்டர் வேலை நிக்குது, இங்கயே தொடச்சுக் குடுன்னாரு. "கார்டு வேணுமா, கருவாடு வேணுமா, நீங்களே முடிவு பண்ணிக்குங்க"ன்னு சொல்லிட்டு வயரைப் புடுங்கினேன்.

கடையில கொண்டாந்து மேசையில வெச்சதும் தவுக்கே வந்தாரு. அப்ப அவருக்கு எழுபதுக்கு மேல. "டாரி மானா?" அதே கேள்வி.

"இனிமேதான் பாக்கணும்."

பாத்தேன். ஆறின மெஷினுல சாம்பிராணிதான் முன்னாடி நின்னுச்சு. கூட்டைத் தொறந்தா உள்ளயெல்லாம் கரி! வெள்ளிக்கெழமை வெள்ளிக்கெழமை கதிரேசன் சாம்பிராணிச் சட்டியை மெஷினுக்குப் பின்னாடி வெச்சு, காத்துப் போற ஓட்டை வழியா உள்ள ஊதி விட்டிருக்காரு, தோஷம் போகட்டும்னு. உள்ள இருக்குற ஃபேன் அதை அழகா இழுத்து எல்லா எடத்துலயும் பூசி வெச்சிருக்கு. தலையில அடிச்சுக்கிட்டேன். மேல் கூட்டைச் சோப்புத் தண்ணியில ஊற வெச்சுப் பழைய பல்லு பிரஷ்ஷால தேச்சு, நெழல்ல ஃபேன் காத்துல காய வெச்சேன். வெயில்ல வைக்காதீங்க, பிளாஸ்டிக்கு மஞ்சளாகி ஒடைஞ்சிடும். இரும்புத் தகட்டை வினிகர்ல தொடச்சேன். கீபோர்டுல ஒவ்வொரு பட்டனா புடுங்கிக் கழுவினேன். ஒரு சோத்துப் பருக்கை கெடையாது. ஒரு மீன் முள்ளு கெடையாது. அம்மாடி, அவ்வளவு சுத்தமா வேலை செஞ்சிருக்கு அந்தப் பொண்ணு.

சாம்பிராணி, மல்லிகை ரெண்டும் போச்சு. கருவாடு மட்டும் தனியா, தெளிவா நின்னுச்சு. பாகமெல்லாம் டின்னுக்குள்ள போச்சு.

மறுநாள் காலையில தவுக்கேதான் டின்னையெல்லாம் எடம் மாத்தி வெச்சாரு. ஒவ்வொண்ணா மூடியைத் தூக்கினேன். கீபோர்டு, ஒண்ணுமில்ல. ஃபேனு, ஒண்ணுமில்ல. நாலாவது டின்னு மூடியைத் தூக்கினப்ப, கிள்ளான் பாசார்ல கருவாட்டுக்கடை முன்னாடி நிக்குற மாதிரி இருந்துச்சு. உள்ள மதர்போர்டு.

பழைய போர்டுல குட்டிக் குட்டித் தகர டப்பா மாதிரி கெப்பாசிட்டர் இருக்கும். கரண்டைத் தேக்கி வைக்கிற சாமான். அதுக்குள்ள ஒரு திரவம் இருக்கு. வருஷம் ஆக ஆக அடியில கசியும். அந்தத் திரவத்துக்கு மீன் வாடை. சில பேரு போர்டுல மீனைக் கொட்டிட்டாங்கன்னே நெனப்பாங்க. பூதக்கண்ணாடியில பாத்தேன். எல்லாம் கசிஞ்சு, சுத்தி இருந்த ஈயமெல்லாம் மங்கிக் கெடக்கு. மெஷினு சூடாக சூடாக அது ஆவியா வெளிய வரும். புரட்டாசியில ஏன் வாடை கூடுச்சு? தீவாளி வேலைக்காக காலையிலேருந்து சாயங்காலம் வரைக்கும் மெஷினை நிப்பாட்டவே இல்ல. அதான். மாஸ்க்கு போட்டிருந்த காலத்துல யாருக்கும் தெரியல. மாஸ்க்கைக் கழட்டினதும் வாடை தெரிஞ்சிருக்கு, உடனே தோட்டத்துப் பொண்ணு பக்கம் கையை நீட்டிட்டாங்க.

தவுக்கே எட்டிப் பாத்து, "ஆ, கெப்பாசிட்டர்"னு தலையை ஆட்டினாரு. நான் எல்லாத்தையும் சொன்னேன். அந்தப் பொண்ணு, ஆணி, எலுமிச்சம்பழம். அவரு கேட்டுட்டு, "சரோஜா, மாத்து, குடு, வந்துடு. அவங்க வீட்டுச் சண்டை நமக்கு எதுக்கு?"ன்னாரு.

"தவுக்கே, எங்கேருந்துன்னு கேட்டீங்கள்ல? அதை அந்த ஆளுகிட்டயும் சொல்லணுமா வேணாமா?"

"மெஷினு நம்ம வேலை. மனுஷங்க நம்ம வேலை இல்ல."

இத்தனை வருஷத்துல அவருகிட்ட நான் சத்தம் போட்டது அன்னிக்குத்தான். அவரு உள்ள போயிட்டாரு. நல்ல மனுஷன்தான். ஆனா அந்த வார்த்தையை நான் இன்னும் மன்னிக்கல.

கசிஞ்ச கெப்பாசிட்டரையெல்லாம் கழட்டி ஒரு சின்ன டின்ல போட்டு மூடினேன். போர்டை ஸ்பிரிட்டு விட்டுத் தேச்சுக் கழுவி, புதுசு போட்டேன். நாள் பூரா ஓட விட்டு முகந்து பாத்தேன். சுத்தம்.

திங்கக்கெழமை அச்சகத்துக்குப் போனேன், மெஷினு ஒரு கையில, அந்த டின்னும் ஈயம் வைக்கிற சூட்டுக்கோலும் ஒரு கையில. எல்லாரையும் மேசைக்கிட்ட கூப்புட்டேன். தவமணி மட்டும் கதவுகிட்டயே நின்னுச்சு. பழைய கெப்பாசிட்டர் ஒண்ணை எடுத்து அது அடியில சூட்டுக்கோலை வெச்சேன். குப்புன்னு கெளம்புச்சு பாருங்க கருவாடு! கர்ச்சீப்புக்காரி ரெண்டு கையாலயும் மூக்கைப் பொத்திக்கிட்டா. கதிரேசன் நாக்காலியோட பின்னாடி போனாரு.

"இதான் நீங்க தேடுன கருவாடு. உங்க மெஷினுக்குள்ளயே இருந்துச்சு. இந்தப் பொண்ணு மேல ஒண்ணும் இல்ல. புரிஞ்சுச்சா?"

கதிரேசன் நாக்காலியை மறுபடி முன்னாடி இழுத்துக்கிட்டாரு. அப்புறம் சொன்னாரு பாருங்க, "சரிதான்மா. தெனம் பக்கத்துல ஒக்காந்து தின்னா, அந்த ஆவி உள்ள போயி ஒட்டிக்கிட்டிருக்கும்."

என் சர்வீஸ்ல இப்படி ஒரு பதில் சொன்ன ஆளு அவரு ஒருத்தருதான்.

அப்பத்தான் தவமணி கதவுகிட்டேருந்து வந்துச்சு. என் கையிலேருந்து டின்னை வாங்கிச்சு. வாயைக் கையால மூடல. கர்ச்சீப்புக்காரி மூஞ்சிக்கு நேரா நீட்டி, "முகருங்க அக்கா"ன்னுச்சு. அவ முகந்தா. அடுத்தவன்கிட்ட போச்சு. "முகருங்கண்ணே." ஒவ்வொருத்தர்கிட்டயும் போச்சு. கடைசியா கதிரேசன் முன்னாடி நின்னு, "முகருங்க பாஸ். நல்லா முகருங்க. நாலஞ்சு மாசமா எம் புள்ளைக்கு நான் மீன் ஆக்கிப் போடல"ன்னுச்சு.

அவரு முகரல. "சரி சரி, வாடை போச்சுல்ல? கார்டு நிக்குது, எல்லாம் போயி வேலையைப் பாருங்க." அவ்வளவுதான். ஒரு மன்னிப்பு? ஒரு வார்த்தை? ஒண்ணும் கெடையாது. நான் கெளம்புறப்ப பாத்தா, ஒரு சொம்புல மஞ்சத் தண்ணி எடுத்துட்டு வந்து தவமணி நாக்காலியில தெளிக்கிறாரு. "எதுக்கும் இருக்கட்டும், ஒரு திருப்திக்கு"ங்கிறாரு. நாக்கைப் புடுங்கிக்கிற மாதிரி நான் கேட்ட கேள்வியெல்லாம் இங்க எழுத முடியாது. சொம்பைப் புடுங்கி வாசல்ல ஊத்துனேன். அந்த ஆணியையும் சூட்டோட சூட்டா இழுத்துப் பாத்தேன், வரல. கை கிழிஞ்சதுதான் மிச்சம்.

தவமணி அந்த ஈர நாக்காலியை முந்தானையால தொடச்சுட்டு ஒக்காந்து, கார்டு அடிக்க ஆரம்பிச்சிருச்சு. வேற என்ன பண்ணும்? வீட்டுல அடுப்பு எரியணும். தீவாளி முடிஞ்சு, கிள்ளான்லயே வேற எடத்துல வேலை கெடைச்சதும்தான் நின்னுச்சு.

தம்பி, நீங்க கேட்டது மெஷினு வாடையை எப்படி எடுக்குறதுன்னு. எழுதிட்டேன். காப்பி குடிக்காதீங்க, டின்ல போடுங்க, எடம் மாத்தி வைங்க, ஸ்ப்ரே அடிக்காதீங்க. எல்லா வாடையும் போகும்னுதான் நானும் ரொம்ப நாளா நெனச்சுக்கிட்டு இருந்தேன்.

போன மாசம் கிள்ளான்ல ஒரு கல்யாணத்துக்குக் கோமுட்டர்ல போறேன். ரயில்ல கூட்டமில்ல, எம் பக்கத்துல சீட்டு காலியாத்தான் இருந்துச்சு. கதவோரமா ஒரு பொம்பளை கம்பியைப் புடிச்சுக்கிட்டு நிக்குது. பாத்தா தவமணி! மகளுக்கு வேலை கெடைச்சிருச்சாம், கேஎல்ல கொண்டு போயி விட்டுட்டு வருதாம். புதுச் சேலை, பளிச்சுன்னு இருந்துச்சு. எனக்கு அவ்வளவு சந்தோஷம். "வா வா, வந்து ஒக்காரு"ன்னு பக்கத்துச் சீட்டைத் தட்டினேன்.

அது சிரிச்சுக்கிட்டே தலையை ஆட்டுச்சு. "இருக்கட்டும்க்கா. நான் எப்பவும் இங்கதான் நிப்பேன்."

"ஏன்? காலு வலிக்கலியா?"

கொஞ்சம் குனிஞ்சு, பக்கத்துல யாருக்கும் கேக்காத மாதிரி சொல்லுச்சு. "ஏசி ரயில்க்கா. உள்ள ஒக்காந்தா எம் வாடை சுத்திக்கிட்டே நிக்கும். இங்கன்னா கதவு தொறக்குறப்ப வெளிய போயிடும்."

நான் எழுந்திரிச்சுப் போயி அது கையைப் புடிச்சு இழுத்தாந்து எம் பக்கத்துல ஒக்கார வெச்சேன். கிள்ளான் வர்ற வரைக்கும் அந்தக் கையை விடல. அது ஒவ்வொரு ஸ்டேஷன்லயும் கதவு தொறக்குறப்ப எழுந்திரிக்கப் பாத்துச்சு.